மாமா கூப்பிடட்டும்

என் அக்கா கல்யாணத்தில் நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். சொன்ன சொல்லைக் கேட்டேன். (எங்கள் வீட்டில் இதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. நீங்களாவது ஒத்துக்கொள்ளுங்கள்.)

தொண்ணூறுகளின் நடுவில், எல்லையோரக் கிராமமான கொல்லயிலில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பந்தல். எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்ததும் பந்தல் வாசலில் பலகைமேல் நிற்பார். பெண்ணின் தம்பி கிண்டி என்ற மூக்குச் செம்பின் தண்ணீரால் அவர் காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துவர வேண்டும். அது நடக்காமல் அவர் உள்ளே வரமாட்டார். அக்காவுக்கு இருந்த ஒரே தம்பி நான். பாவம், அவள் என்ன செய்வாள்?

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. ஸ்பீக்கர் சத்தம் மண்டைக்குள் புகுந்து குடைந்துவிடும். சென்ட், பிச்சிப்பூ, சாம்பார் எல்லா வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் தலை சுற்றும். ஊரில் இதற்கு வைத்திருந்த பெயர், "அவன் ஒரு மாதிரி."

நான் வெளிறிப்போய் நிற்பதை அம்மாவின் தம்பி பாஸ்கரன் மாமா பார்த்தார். அன்றைய கல்யாணத்தின் சர்வாதிகாரி அவர். விடியற்காலையிலிருந்து சமையல்காரர்களிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"எலே மக்கா, நீ போய் சாமான் முறியில இரி. நான் கூப்பிடும்ப வந்தா மதி. வேற ஆரு கூப்பிட்டாலும் வரப்பிடாது. எவனாவது உன்னைப் பந்தியில சோறு விளம்ப இழுத்துட்டுப் போயிருவான்."

என்ன தெளிவான உத்தரவு! எல்லாரும் இப்படிப் பேசினால் உலகம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரங்களும் வாழைக்குலைகளும் அடுக்கியிருந்த அந்த அறைக்குப் போனேன்.

உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒருவர் அமரவிளை வில்சன். மைக் செட்டே அவருடையதுதான். காதில் பஞ்சு வைத்திருந்தார். "நம்ம செட்டு நல்ல செட்டாக்கும். சத்தந்தான் எனக்குப் பிடிக்காது" என்றார். இன்னொருவர் ஆரியங்கோட்டு லீலா டீச்சர், அக்காவின் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். பப்படங்களைப் பெரியது, சிறியது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

மாமாவின் உத்தரவை அவர்களிடம் சொல்லிவிட்டு நான் கதவைத் தாழிட்டேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "உனக்கு எப்பக் கல்யாணம்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. மனிதர்கள் நடுவில் நான் முதன்முதலாக நிம்மதியாக உட்கார்ந்தது அன்றுதான். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அப்போது சித்தி கதவைத் தட்டினார். "சசீ, மாப்பிள வந்தாச்சு, இறங்கி வாலே!"

நான் எழுந்தேன். வில்சன் கேட்டார்: "கூப்பிட்டது மாமனா?"

"இல்ல, சித்தி."

"வேற ஆரு கூப்பிட்டாலும் வரப்பிடாதுன்னுதானே சொன்னாரு?" என்றார் டீச்சர். "அப்பப் போகப்பிடாது."

என் நியாயத்தை ஒருவர் ஏற்றுக்கொள்வதே அபூர்வம். இங்கே இரண்டு பேர்! கம்பீரமாக உட்கார்ந்து, "மாமா கூப்பிடட்டும்" என்று குரல் கொடுத்தேன்.

அடுத்து போட்டோகிராபர் வந்து கெஞ்சினார். மாமா கூப்பிடட்டும். பிறகு ஸ்பீக்கரிலேயே அறிவிப்பு வந்தது: "பெண்ணின் தம்பி சசி எங்கிருந்தாலும் பந்தல் வாசலுக்கு வரவும்!" வில்சன் முகத்தைச் சுளித்து, "எக்கோ கூடிப்போச்சு" என்றார். அவர் கவலை அவருக்கு.

கடைசியாகக் கதவு உடைந்துவிடும் போல யாரோ தட்டினார்கள்.

"ஆரு?" என்றேன். 'ஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது.

"பேரு சொல்லல்ல. விட்டிரு" என்றார் டீச்சர்.

கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலை சரசரக்க அக்காவே வந்துவிட்டாள். "எலே பாவி! கத்திக் கத்தி மாமாக்குத் தொண்ட அடைச்சுப்போச்சு. இப்பக் கதவத் தட்டுனதே மாமாவாக்கும்! உன் அத்தான் வெயில்ல நிக்காரு, முகூர்த்தம் தப்புனா திரும்பிப் போவோம்னு அவரு பெரியப்பா குதிக்காரு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

நாங்கள் மூவரும் திகைத்தோம். "இது புது விவரம்" என்றார் டீச்சர்.

விழுந்தடித்து ஓடினேன். அங்கே மாப்பிள்ளை கிண்டியைத் தானே வாங்கி, தன் காலைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமாவின் வாய் மட்டும் அசைந்தது. (அவர் என்ன சொன்னார் என்று கேட்காதது என் பாக்கியம்.)

"வா மச்சினா. காலு கழுவியாச்சு, கையையாவது பிடி" என்றார் அத்தான்.

பிடித்தேன். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் யாரைச் சோறுண்ணக் கூப்பிட்டாலும், "மாமா கூப்பிடட்டும்" என்றுதான் பதில் வரும். அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் குழாயடியில் தானே கால் கழுவிவிட்டு, "உன்ன நம்பி நிக்க முடியாதுடே" என்பார்.

நாங்கள் மூவரும் அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வில்சன் கடையில் கூட ஆரம்பித்தோம். எங்களைப்போல 'ஒரு மாதிரி'யான வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பதே தலை நரைத்தபிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய் வில்சனிடம் சொன்னேன். "அப்பிடியா? நமக்குப் பேருதான் தெரியாம இருந்துது" என்றார்.

போன வருஷம் அக்கா மகளின் கல்யாணம். பாஸ்கரன் மாமா இப்போது இல்லை. மண்டபத்து ஸ்டோர் ரூமில் அத்தானே எங்களுக்கு மூன்று நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் கதவைத் தட்டினார்.

"மச்சினா, மாமா போயிட்டாரு. இனி நான் கூப்பிட்டா வருவியா?"

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். டீச்சர்தான் யோசித்துப் பதில் சொன்னார்: "அத முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சரி டீச்சரே, இப்பச் சொல்லுதேன். அஞ்சு நிமிஷத்துல நான் கூப்பிடுவேன்."

அத்தான் அங்கேயே காத்து நின்றார். அஞ்சு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம்.