கொசுவலை அண்ணனும் ஊமை ஹாரனும்

கொசுவலைக்குள் உட்கார்ந்து கார் ரிப்பேர் செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அரியலூரில், எங்கள் தெருவில் இருந்தார். வேறு ஊரில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய மாவு மில் போர்டில் பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் தெருவுக்கு அவர் கொசுவலை அண்ணன். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிவந்தார். "கோழிய நாங்க வச்சுக்கறோம், வண்டிய நீங்க எடுத்துக்கங்க" என்று பாய் சிரித்துக்கொண்டே கொடுத்தாராம். ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர் இருக்கும் அந்தக் காலத்து வண்டி.

இன்ஜினையும் பிரேக்கையும் மெக்கானிக் பார்த்துவிட்டார். ஸ்டியரிங் தண்டை மட்டும் அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. பொடிப்பொடிச் சாமான்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஹாரன் பட்டன், அதற்கடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி வாஷர், நகத்துணுக்கு மாதிரி ஒரு கிளிப். கழற்றும்போது எல்லாம் சமர்த்தாக வந்தன. திரும்ப மாட்டும்போதுதான் சுயரூபம் தெரிந்தது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து கிளிப்பைச் சொருகுவதற்குள், ஸ்பிரிங் துள்ளி ஜன்னல் வழியாக வெளியேறிவிடும்.

முதல்முறை அது தொலைந்த அன்று கார் மில் வாசலில் நின்றது. அண்ணன் வீடு வீடாக ஓடினார். "இன்னிக்கு மொளகா அரைச்சிட்டுப் போனவங்கல்லாம் தூளச் சலிச்சுப் பாருங்க, என் ஸ்பிரிங்கு அதுல கெடக்கும்!" அன்று தெரு முழுக்க சல்லடைச் சத்தமும் தும்மலும்தான். சாயங்காலம் ஸ்பிரிங் கிடைத்தது, அண்ணனின் தலைமுடிக்குள்.

மறுநாளே காருக்குள் ஸ்டியரிங்கைச் சுற்றிக் கொசுவலை கட்டிவிட்டார். எது துள்ளினாலும் வலையைத் தாண்டாது. தெருவில் வேறு கதை கிளம்பியது. "அண்ணனுக்கும் அண்ணிக்கும் பெரிய சண்டையாம். மனுஷன் வண்டிக்குள்ள வலை கட்டிப் படுத்துக்கறாரு."

டார்ச் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. ஆபீஸில் என்னை சார் என்பார்கள். இங்கே மூச்சு விடக்கூட அனுமதி கேட்க வேண்டும். "தம்பி, மெதுவா விடுங்க. வாஷர் பறந்துரும்."

மெக்கானிக் எங்கள் அவஸ்தையைப் பார்த்து ஒரு வழி சொன்னார். "எதுக்குண்ணே கஷ்டப்படுறீங்க? டேஷ்போர்டுல ஒரு காலிங்பெல் சுவிட்ச வச்சுட்டா ஹாரன் அடிச்சுட்டுப் போவுது."

அண்ணன் வலையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார். "வண்டிங்கிறது என்ன, வூட்டு வாசக்கதவா? பெல்ல அடிச்சுட்டு நிக்கறதுக்கு?" மெக்கானிக் அப்புறம் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொண்டுபோனோம். எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்தியாக ஹாரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. பட்டன்தான் துள்ளிப்போய் அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்களோடதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அடுத்த வாரம் கடைசியாக ஒருமுறை வரச் சொன்னார்.

விஷயம் அண்ணிக்குப் போனது. அண்ணிக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "அன்னிக்கும் பாஸ் ஆவலேன்னா நேரா எடைக்குத்தான். இரும்புக்கடையில சொல்லி வச்சுட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. அந்த வாரம் முழுக்க அண்ணனுக்கு மில்லில் கவனமே இல்லை. கம்புக்குப் பதிலாக யாருடைய கோதுமையையோ அரைத்துக் கொடுத்தார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

குறித்த நாள் காலையில் ஹாரன் தெருவே அதிரும்படி அடித்தது. அண்ணன் நிம்மதியாகக் குளிக்கப் போனார், நானும் என் வீட்டுக்குக் குளிக்கப் போனேன். வந்ததும் கிளம்பினோம். பட்டனை வீணாகத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று வழியில் ஓர் ஆடு மறித்தபோதுகூட அண்ணன் ஹாரனை அமுக்கவில்லை. ஜன்னல் வழியாக "போம்மா, தாயே" என்று கெஞ்சினார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டு மறு கையால் அமுக்கினார். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். ஊமை.

அண்ணனின் முகம் செத்துப்போய்விட்டது. "சார், ஒரே நிமிஷம்!" என்று டிக்கியிலிருந்து வலையை எடுத்துவந்தார். அங்கே வந்திருந்த சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க, பட்டப்பகலில் ஒரே கொசுவலைக்குள் அண்ணன், நான், அரசாங்க அதிகாரி.

அண்ணன் பட்டனைக் கழற்றினார். உள்ளே தகட்டின் மேல் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. அண்ணன் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். சந்தனம். நடுவில் கொஞ்சம் குங்குமம். பட்டனின் மேல்பக்கம் பளிச்சென்று துடைத்திருந்தது. யாரோ பொட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் தெரியக்கூடாதென்று துடைத்திருக்கிறார்கள். துடைத்த வேகத்தில் சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, தகட்டில் கரண்ட் தொடாமல் தடுத்துவிட்டது.

"நாம குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டிகிட்ட யாரு தம்பி போனது?"

"வூட்டுல அண்ணி மட்டும்தானேண்ணே இருந்தாங்க."

அண்ணன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நுனியால் தகட்டையும் துடைத்தார். ஸ்பிரிங், வாஷர், கிளிப் எல்லாம் அன்றைக்கு ஒரே தடவையில் உட்கார்ந்தன. ஹாரன் அலறியது. லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். கையெழுத்து விழுந்தது.

வரும் வழியில், "அவகிட்ட சொல்லிடாதீங்க தம்பி, கூச்சப்படுவா" என்றார். அண்ணி வாசலில் நின்றிருந்தார். "என்ன, எடைக்குத்தானே?" என்றார். "பாஸ்" என்றார் அண்ணன். "ம்க்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அண்ணி அவசரமாக உள்ளே போனார்.

நான் இப்போது பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனுக்கு போன் போடுவேன். வெள்ளி தவறாமல் அண்ணி யாருக்கும் தெரியாமல் பொட்டு வைத்துத் துடைத்துவிடுகிறார். அண்ணனும் யாருக்கும் தெரியாமல் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறார். இன்றுவரை இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னிக்கும் ஹாரன் அடிக்கல தம்பி" என்பார், அப்படியொரு சந்தோஷத்தோடு. அதைக் கேட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனால், எனக்கு அன்று முழுக்க யார் மேலும் கோபமே வருவதில்லை.