குந்தரும் ஆறின தேத்தண்ணியும்

நிலத்தில் குந்தியிருப்பதற்கு உலகத்தில் ஒரு பரிசு கொடுக்கிறதென்றால் அதை எங்கட குந்தருக்குத்தான் கொடுக்கவேணும். ஆறடிக்கு மேல் உயரம், அதுக்கேற்ற உடம்பு. அந்த மனிசன் ஒரு இடத்தில் குந்திவிட்டாரென்றால் லண்டனின் ஈஸ்ட் ஹாம் முழுக்கத் திரண்டு வந்தாலும் லேசில் கிளப்ப ஏலாது. குந்தர் என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் அமெரிக்காவின் தெற்கில் பிறந்த கறுப்பினத்தவர், வயது ஐம்பதுக்குக் கிட்ட. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தார் ஏழு பேர் ஒரு வீட்டு மேல்மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். கீழ் அறையில் அவர் தனியாக இருந்தார்.

தெருமுனையில் காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடையைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அநியாயம் கண்ட இடத்தில் குந்துவது அவருடைய பழக்கம். ஒரு நாள் கடை முதலாளி ஈரச்சேலையோடு நின்ற ஒரு தமிழ் அம்மாவை வெளியில் போய் நில் என்று விரட்டிவிட்டார். குந்தர் போய் வாசலுக்குக் குறுக்கே குந்தினார். உள்ளே வர வந்த சனமெல்லாம் திரும்பிப் போனது. இரண்டு மணித்தியாலம் பொறுத்த முதலாளி, பின்கதவால் போய் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் இவர் எழும்பினார்.

தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே சொல், தம்பி. நாங்களும் தம்பி, அந்த அம்மாவும் தம்பி, முதலாளியும் தம்பி. வேறு சொல்லும் பழக்குவோம் என்று பார்த்தால், இது ஒன்றே எனக்குப் போதும் என்பார். மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் எங்கட பேச்சில் எழுதுகிறேன்.

அந்த வருசம் மாசி மாதம் என் தம்பி குகனுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டு, அவனைப் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேனில் விமான நிலையம், அங்கிருந்து கொழும்பு. ஊரில் ஒருமுறை ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தது. இரண்டாம் முறை விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எங்களுக்காக ஓடித்திரிந்த வழக்கறிஞர் அம்மா சொன்னா: "நீதிபதியிட்ட தடை கேட்டிருக்கிறன். பன்னிரண்டு மணிக்குள்ள கிடைக்கும். வேன் பத்துக்கே வெளிக்கிட்டால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

நான் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். குந்தர் அறைக்கதவைத் திறந்து, விசயத்தைக் கேட்டார்.

"இரண்டே மணித்தியாலமோ? வாசல்ல குந்துங்கோ. நான் பழக்கிறன்."

அன்றுதான் தன் கதையைச் சொன்னார். அவருடைய ஊரில் கறுப்பர் சில சாப்பாட்டுக் கடைகளில் கதிரையில் இருக்கக்கூடாதாம். மாணவனாக இருந்தபோது இவரும் கூட்டாளிகளும் போய் இருந்தார்களாம். அடித்தாலும் திருப்பி அடிக்காமல் இருக்க, முதலில் தேவாலய மண்டபத்தில் ஒருவரை ஒருவர் திட்டி, இழுத்து, தலையில் தண்ணி ஊற்றிப் பழகினார்களாம். பிறகு வியட்நாம் யுத்தம் வந்தது, இவரையும் ஆமியில் சேர்த்துவிட்டார்கள்.

"கதிரையில இருக்க விடாத நாடு, எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவனைப் போய்ச் சுடு எண்டுது. ஜேர்மனியில இருந்த அமெரிக்க ஆமி முகாமை விட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் நடந்தன். இங்க இன்னொருத்தன்ர பேரில இருக்கிறன். அதால வியாழக்கிழமை நான் குந்த ஏலாது, தம்பி. பிடிபட்டால் என்ர பேர் வெளியில வரும், நேரே சிறைதான். ரோட்டுக்கு அங்கால, உங்களுக்குத் தேத்தண்ணி நிரப்பின சுடுதண்ணிப் போத்திலோட நிப்பன்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் பயிற்சி. ஊரில் தபாலதிபராக இருந்த சின்னையா அண்ணையைக் கதிரையில் இருத்தினார். வீட்டில் மூத்தவர், வயது ஐம்பத்தெட்டு. அவரைக் கேவலமாகத் திட்டவேண்டியது நான்.

"நீங்கள்... நீங்கள் ஒரு நாய், அண்ணை," என்றேன்.

"பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சொல்லும்," என்று அண்ணை எனக்குத் தைரியம் சொன்னார்.

குந்தருக்கு மொழி விளங்காவிட்டாலும் முகம் விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்து, தலையில் ஊற்று என்றார். நான் ஊதி ஊதி ஆற்றினேன். விரலை விட்டுப் பார்த்தேன். அண்ணைக்குத் தடிமன் பிடிக்கக்கூடாதே என்று தோளில் துவாய் போட்டேன். "அண்ணை, ஊத்தட்டோ?" என்று கேட்டுவிட்டு ஒரு கரண்டியளவு ஊற்றினேன். அறை முழுக்கச் சிரிப்பு.

குந்தரும் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் திரும்பினார். காதுக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்து வரைக்கும் தோல் சுருங்கிக் கிடந்தது.

"எனக்கு ஊத்தினவன் கோப்பி ஆறுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கேல்லை," என்றார். "திருப்பி நானும் அடிக்கேல்லை. உங்களுக்கு ஒண்டுதான் சொல்லுறன். தூக்க வந்தால் அரிசிமூட்டைமாதிரிக் கிடவுங்கோ. ஆர் வந்தாலும் எழும்பாதேங்கோ."

வியாழக்கிழமை தடுப்பு முகாம் வாசலில், வீட்டாரும் தெரிந்த தமிழ்ச் சனமுமாக இருபது பேர் குந்தினோம். குளிரில் பல்லுக் கிட்டியது. உள்ளே வேன் இஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார். நரைத்த தலை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன்மையாக, "குட் மோர்னிங், ஜென்டில்மென்," என்றார்.

கடவுளே, அதை எப்படிச் சொல்ல. சின்னையா அண்ணை எழும்பி "குட் மோர்னிங், சேர்" என்றார். அவர் எழும்ப நான் எழும்பினேன். இருபது பேரும் எழும்பி நின்றோம். பள்ளிக்கூடத்தில் பெரியவர் வந்தால் எழும்பிப் பழகின கால்கள், எங்களைக் கேட்கவில்லை. எழும்பின கையோடு எங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். கேற் திறந்தது. வேன் கண்ணாடியில் குகனின் முகம் தெரிந்தது.

அப்போது ரோட்டைக் கடந்து குந்தர் வந்தார். ஓடி வரவில்லை. சுடுதண்ணிப் போத்திலை என் கையில் தந்தார். வேனுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. நானும் போய்க் குந்தினேன். அண்ணை வந்து குந்தினார். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். எங்களைத் தூக்கித் தூக்கி ஓரமாக விட, நாங்கள் திரும்பத் திரும்ப வந்து குந்தினோம். குந்தரைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், பிறகு ஆறு பேர். தூக்கினால் கை வழுக்கும், கை வழுக்கினால் பழையபடி நிலத்தில் கிடப்பார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்க வழக்கறிஞர் அம்மா தடை உத்தரவோடு ஓடி வந்தா. குகன் ஒரு வேனால் இறங்க, குந்தரை இன்னொரு வேனில் ஏற்றினார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் வெளியில் வரத்தான் செய்தது. மூன்று நாள் உள்ளே, பிறகு இரண்டு வருசம் கிழமைக்கொருமுறை பொலிஸில் கையெழுத்து, பெட்டி நிறையக் கடிதங்கள். கடைசியில் அந்தப் பழைய ஆமி வழக்கை மூடிவிட்டார்கள். சொந்தப் பெயரில் ஊருக்குப் போய்த் தாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே கடையில் நின்றார். இப்போது அவர் இல்லை. குகனுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த வியாழக்கிழமை பின்னேரம்தான். அவருடைய தொப்பியையும் சுடுதண்ணிப் போத்திலையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் வரிசையாகக் குந்தினோம். மேசையில் இருந்தவர் எழும்பி வந்து, உறவுக்காரர் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் எழும்பிப் போங்கள் என்றார்.

சின்னையா அண்ணை எழும்பவில்லை. இரண்டு கையாலும் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அவர் உமக்கு என்ன முறை?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"என்ர தம்பி," என்றார் அண்ணை.