கனகசபையின் கணுக்கால் பட்டை

ஒரு காட்டில், அதாவது பாதி ரிசார்ட் ஆனது போக மிச்சம் காடாகவே இருந்த ஒரு காட்டில், கனகசபை என்றொரு கடமான் வாழ்ந்துவந்தார். நல்ல கொம்பு, நல்ல குடும்பம், நல்ல பசி. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. எதையும் தீர விசாரிக்காமல் செய்யமாட்டார். மேயப் போகும் முன் நாலு பேரிடம் "அந்தப் பக்கம் புல் எப்படி?" என்று கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த நாலு பேரும் போய் அதை மேய்ந்துவிட்டு வந்திருப்பார்கள்.

அன்றைக்கு விலங்குகள் உப்பு நக்க வரும் பாறையில் நல்ல கூட்டம். கனகசபை ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார். ஒரு காட்டுப்பன்றி நைசாக நடுவில் நுழைந்தது. "யோவ், வரிசைன்னா என்னன்னு தெரியுமாய்யா?" என்று கேட்கத் திரும்பினார் பாருங்கள், முன்னங்கால் மடங்கி மடேரென்று விழுந்தார். குழியில்லை, கல்லில்லை, வழுக்கலில்லை, வெறும் சமதரை. தூக்கிவிட்டதும் அதே பன்றிதான்.

கணுக்கால் சுருக்கென்று வலித்தது. அதைவிட மானம் வலித்தது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி பூங்கோதை பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு காலுக்கு?"

"சிறுத்தை துரத்துச்சு. ஓடையைத் தாண்டுனேன். லேசா பிசகிருச்சு."

"எந்தச் சிறுத்தை?"

"வீரபத்திரன்தான், வேற யாரு?" என்றார். பயத்தில் வாயில் வந்த ஒரே பெயர் அது.

பூங்கோதை நம்பவில்லை. ஆனால் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த நாத்தனார் நம்பிவிட்டாள். பொழுது சாய்வதற்குள், கனகசபை வீரபத்திரனின் தாடையில் ஓங்கி ஒரு எத்து விட்டார் என்றும், அவன் ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு ஓடினான் என்றும் காடு பூராவும் பேச்சு. கனகசபை அதை மறுக்கவில்லை. விசாரித்தவர்களிடம், "விடுங்க விடுங்க, அதையெல்லாம் போய்ப் பெருசா பேசிக்கிட்டு" என்று தலையைத் தாழ்த்திக்கொண்டார். என்ன ஒரு தன்னடக்கம்!

பேச்சு வீரபத்திரன் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அக்கரையில் ஒரு பாறைமேல் வந்து நின்றான்.

"யோவ் கனகசபை! நான் உன்னைத் துரத்துனேனா? நீ என் தாடையில எத்துனியா? இப்பல்லாம் ஒரு முயல்கூட என்னைப் பார்த்தா எந்திரிக்க மாட்டேங்குதுய்யா! மழை விடட்டும், நிஜமாவே துரத்துறேன். அப்ப எத்து, பாப்போம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மழை விடுவதற்குள் கனகசபையின் கால் தேறியாக வேண்டும். தேறவில்லை என்றால் பூங்கோதைக்குப் புருஷன் இல்லை.

"பேசாம நடந்ததைச் சொல்லிருங்க" என்றாள் பூங்கோதை.

"என்னன்னு? வரிசையில நின்னேன், திரும்புனேன், விழுந்தேன்னா? அதுக்கு அவன் என்னைக் கடிச்சே கொன்னுரட்டும்."

"அப்படின்னா ஓடைத் தண்ணியில காலைப் போட்டுக்கிட்டு அசையாம படுங்க. தானா சரியாயிரும்."

சும்மா படுப்பதெல்லாம் ஒரு வைத்தியமா? கனகசபை சிரித்தார். அந்தக் காட்டில் சுளுக்குக்கு வைத்தியம் ஒன்றுதான். பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவர் சுளுக்கின இடத்தின் மேல் மிதிக்க வேண்டும். மனிதர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. அவர்களில் அப்படிப் பிறந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஊர் ஊராகத் தேட வேண்டும். மான் இனத்தில் அந்தக் கஷ்டமே கிடையாது, எல்லாருமே முன்னங்கால் முதலில் வந்து பிறந்தவர்கள்தான். இதை யோசிக்காமல் கனகசபை சுளுக்கு என்று ஒரு வார்த்தை வெளியே விட்டதுதான் தப்பாகப் போயிற்று.

முதலில் மச்சான் வந்து மிதித்தார். அப்புறம் சித்தப்பா, அவர் சம்பந்தி, சம்பந்தியின் ஊர்க்காரர்கள். "நமக்கும் கைராசி உண்டுங்க" என்று சொல்லி ஆளாளுக்கு ஒரு மிதி. கடைசியாக அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த காட்டெருமை ஒன்று எட்டிப் பார்த்தது. "என்ன, சுளுக்கா? நானும் கால் முன்னாடி வந்தவன்தான்" என்று உள்ளே வந்தது. வேண்டாம் என்று சொல்லக் கனகசபைக்கு வாய் வரவில்லை, மரியாதைக்காரர் அல்லவா! அன்று மாலை அவருடைய கணுக்கால் முழங்காலைவிடப் பெரிதாக இருந்தது. "வீங்கினா நல்லதுதான், சுளுக்கு எடுபட்டிருச்சு" என்று சொந்தக்காரர்கள் திருப்தியோடு கலைந்தார்கள்.

மறுநாள் கனகசபை நொண்டி நொண்டிக் குரங்குக் கடைக்குப் போனார். மலையேற வரும் மனிதர்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை நெல்லிக்காய்க்கு விற்கும் கடை அது. நடத்தியது செண்பகவல்லி என்ற கருங்குரங்கு. முதல் காரியமாக வீங்கிய காலைச் சுற்றி ஒரு கொடியை வைத்து அளவு எடுத்துக்கொண்டாள். அப்புறம் மூன்று பட்டைகளை எடுத்துப் போட்டாள்.

"இது உறை மாதிரி, இழுத்து மாட்டிக்கலாம். லேசான பிசகுக்குப் போதும். இது நாடா கட்டுறது, அடிக்கடி மடங்குற காலுக்கு. இந்தா இருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் கெட்டியா பிளாஸ்டிக் வச்சது, நிக்கவே நிக்காம ஆடுற காலுக்கு. உங்களுக்கு எது மாமா வேணும்?"

எது வேணும் என்று கனகசபையிடம் கேட்கலாமா? அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கொஞ்சம் விசாரிச்சுட்டு வர்றேன்" என்றார்.

கடையில் ஒரு பழைய செல்போன் கிடந்தது. வாங்கினவர்கள் சொன்ன கருத்துகள் அதில் இருந்தன. அதை இரவல் வாங்கி வந்து ஓடையில் காலைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். மலைப்பாம்பு எழுதியிருந்தது: "எனக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு நட்சத்திரம்." மரவட்டை எழுதியிருந்தது: "நல்ல பட்டை. ஆனால் எல்லாக் காலுக்கும் மாட்டி முடிப்பதற்குள் முதல் காலில் போட்டது கிழிந்துவிட்டது." கொக்கு எழுதியிருந்தது: "ஜோடியாகத்தான் தருவோம் என்கிறார்கள். நிற்பதே ஒற்றைக் காலில், இன்னொன்றை என்ன செய்வது?" கனகசபை ஒன்று விடாமல் படித்தார். படித்ததைப் பூங்கோதையிடம் சொன்னார். சொன்னதை மறுபடியும் சொன்னார்.

சந்தேகங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. நனைந்தால் நாறுமா? ரோமத்துக்கு மேலே போடுவதா, ரோமத்தை ஒதுக்கிவிட்டுப் போடுவதா? இடக்காலுக்கு உள்ளதை வலக்காலில் போட்டால் என்ன ஆகும்? போட்டுக்கொண்டே படுக்கலாமா, கூடாதா? இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செண்பகவல்லியிடம் கேட்டு அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வந்ததும் அதில் ஒரு சந்தேகம் கேட்டார். மழை ஒரு பக்கம் பெய்துகொண்டே இருந்தது. ஒருவழியாக நாடா கட்டுகிற பட்டைதான் என்று முடிவெடுத்து வாங்கி வந்து மாட்டினார். அது சர்ரென்று வழுக்கிக் குளம்பில் போய் நின்றது.

பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஏங்க, இத்தனை நாளா தண்ணியில காலைப் போட்டு உக்காந்திருந்தீங்கள்ல? வீக்கம் வடிஞ்சு கால் சரியாயிருச்சுங்க."

"உனக்கென்ன தெரியும்? வெளியே அப்படித்தான் தெரியும். உள்ளுக்குள்ள ஆட்டம் இருக்கும்."

இத்தனை படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பட்டைக்குள் புல்லைத் திணித்து, நாடாவை இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக் கட்டிக்கொண்டார். அதுவரை நன்றாக நடந்துகொண்டிருந்தவர் அப்போதுதான் மறுபடி நொண்ட ஆரம்பித்தார். தான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று அவருக்கே உள்ளூரத் தெரிந்திருந்தது. ஆனால் கொடுத்த நெல்லிக்காய் திரும்பி வருமா?

மழை விட்டது. வெயில் அடித்த முதல் காலையிலேயே புதர் விலகியது. வீரபத்திரன்! கூட்டம் மொத்தமும் தலைதெறிக்க ஓடியது. பூங்கோதை மட்டும் பாதி வழியில் ஒரு புதருக்குப் பின்னால் நின்று கத்தினாள்.

"அந்தச் சனியனைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வாங்க!"

கனகசபை குனிந்து பல்லால் இழுத்தார். முடிச்சு அசையவே இல்லை, அவ்வளவு முறையாகப் போட்டிருந்தார். இப்படியா சாகவேண்டும், சொந்தச் செலவில் காலைக் கட்டிக்கொண்டு!

வீரபத்திரன் நெருங்கி வந்தான். வந்தவன் பாயவில்லை. அவருடைய காலையே குறுகுறுவென்று பார்த்தான்.

"அது நாடா வச்சதா, பிளாஸ்டிக் வச்சதா?"

"நா... நாடா."

வீரபத்திரன் முன்னும் பின்னும் பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் முன்னங்கால் ஆடுதுண்ணே. கிளையில தூங்கிக்கிட்டு இருந்தவன் விழுந்துட்டேன். வெளியே சொல்லிராதீங்க. குரங்குக் கடை வாசல் வரைக்கும் போனேன், உள்ள போக வெக்கமா இருந்துச்சு. சிறுத்தை பட்டை வாங்குச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பயப்படுவான்? நீங்க சொல்லுங்க, எது நல்லது?"

அண்ணே என்கிறான்! எது நல்லது என்று கேட்கிறான்! இத்தனை நாளில் கனகசபையிடம் இதை யாருமே கேட்டதில்லை. பூங்கோதைகூட, நிறுத்துங்க என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, நெஞ்சு சந்தோஷத்தில் விம்மியது. வீரபத்திரனை உட்காரச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு வரும்வரை பேசினார். நடுவில் கொட்டாவி விட்டவனை "கவனி" என்று அதட்டவும் செய்தார்.

பேச்சு முடிந்ததும் வீரபத்திரன் தன் பல்லாலேயே முடிச்சை அறுத்துப் பட்டையைக் கழற்றினான். கனகசபை அதை அவன் காலில் வைத்து, நாடாவைச் சேர்த்துக் கட்டிவிட்டார். அவருடைய வீங்கிய காலுக்கு எடுத்த அளவு அவன் காலுக்கு அச்சாகப் பொருந்தியது. வீரபத்திரன் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான், குதித்துப் பார்த்தான்.

"அண்ணே, ஆடவே இல்லண்ணே!"

"எப்படி ஆடும்?" என்றார் கனகசபை பெருமையாக.

"ரொம்ப நன்றிண்ணே. சரி, ஓடுங்க."

"எங்க?"

"துரத்தணும்ல? என் மானம் போச்சேண்ணே."

புதருக்குப் பின்னால் பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். கனகசபைக்கோ சுள்ளென்று கோபம் வந்தது.

"ஓடறதா? உனக்கு அறிவு இருக்கா? புதுசா பட்டை போட்ட அன்னைக்கே எவனாவது ஓடுவானா? கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகணும். தாவக் கூடாது, பாயக் கூடாது, மரத்தைத் திரும்பியே பாக்கக் கூடாது. இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்ட நீ?"

இதைத் தந்திரம் என்று யாராவது நினைத்தால் அது கனகசபையைத் தெரியாதவர்கள் நினைப்பு. தந்திரம் பண்ணுகிற அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தால் பட்டைக்குள் புல்லைத் திணித்திருப்பாரா? படித்ததை ஒருவன் மீறப் போகிறானே என்று அவருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

வீரபத்திரன் மிரண்டுபோனான். "அப்ப சாப்பாட்டுக்கு?"

"ஓடையில நண்டு இருக்கு. நடந்து போய்ப் பிடி. அடுத்த வாரம் வந்து காலைக் காட்டு."

அடுத்த வாரம் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். வந்து ஓரமாக உட்கார்ந்து, கனகசபை அசைபோட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். நாடாவை அவிழ்ப்பார், அமுக்குவார், ம்ஹூம் என்பார், மறுபடி கட்டுவார். கூட்டம் அவனைச் சுற்றியே மேய்ந்தது. போன வருஷம் மகனை அவனிடம் பறிகொடுத்திருந்த ஒரு பெண்மான்கூடப் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க இறங்கினாள். அதைப் பார்த்த அன்றிலிருந்து பூங்கோதை புருஷனைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் வீரபத்திரன் துள்ளிக்கொண்டே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, வலியே இல்லண்ணே! பட்டையைக் கழட்டிட்டும் நடந்து பாத்தேன். ஆட்டம் சுத்தமா இல்ல!"

மேய்ந்துகொண்டிருந்த அத்தனை வாயும் நின்றது. கனகசபையின் முகம் பூரித்துப்போனது. தன் வைத்தியம் பலித்துவிட்டது! 'குணமாயிருச்சு' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பூங்கோதை குறுக்கே வந்து வீரபத்திரனின் காலைப் பிடித்து அமுக்கினாள்.

"இங்க வலிக்குதா தம்பி?"

"இல்ல அண்ணி."

"இங்க?"

"இல்ல அண்ணி."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

பூங்கோதை பெருமூச்சு விட்டாள். "ஏங்க, நீங்க பயந்த மாதிரியே ஆயிருச்சுங்க. வலி உள்ள போயிருச்சு."

வீரபத்திரனின் சிரிப்பு அப்படியே நின்றது. பொத்தென்று உட்கார்ந்தான். "அண்ணி... பயமா இருக்கு அண்ணி."

"நாங்க இருக்கறப்ப உனக்கென்ன பயம்?" என்று அவன் காலில் பட்டையை இறுக்கிக் கட்டினாள் பூங்கோதை. "இனிமே வாரம் ரெண்டு தடவை வா."

நீதி: பகைவனை வெல்லவும் வேண்டாம், குணப்படுத்திவிடவும் வேண்டாம்; சிகிச்சையில் வைத்திருங்கள்.