ஒன்பது வட்டம் போட்ட தாள்

அன்பும் மரியாதையும் மிக்க பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். தம்பிக்கு மட்டும் நெற்றியில் சிறிய வீக்கம். அதற்குக் காரணம் நான்தான் என்பதால் கடிதம் சற்று நீளும்.

விடுமுறைக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்த்தாவது அண்ணன் திருந்துவான் என்று அம்மாவிடம் போனில் சொன்னீர்களாம். அதற்கு முன் நீங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஞாயிறு பிரார்த்தனை வகுப்பில் ஆளுக்கொரு நடத்தைத் தாள் உண்டு. பொய், கோபம் என்று எந்தத் தப்புச் செய்தாலும் அந்தக் கிழமைக்கு நேரே வட்டம் போட வேண்டும், செய்யாத நாளில் எந்தத் தப்பைச் செய்யவில்லை என்று எழுத வேண்டும். என் தாளில் வட்டமே இருக்காது. அதற்குக் காரணம் என் குணம் அல்ல, போன வருடம் ஒரே ஒரு வட்டம் போட்டதற்கு டீச்சர் "நீயுமாம்மா?" என்று கேட்ட விதம்தான். அப்புறம் என் தாள் மாதிரித் தாளாகச் சுவரில் ஏறியது, முன்னால் நின்று பிரார்த்தனை சொல்லும் இடமும் எனக்கே கிடைத்தது, அந்த இடம் என்றால் எனக்கு உயிர், மற்ற பிள்ளைகளோ என் தாளைப் பார்த்து அப்படியே எழுத ஆரம்பித்தார்கள், தையல்காரர் மகள் "தம்பியை அடிக்கவில்லை" என்றுகூட எழுதினாள், அவள் வீட்டில் அவள் ஒரே பிள்ளை.

போன புதன்கிழமை தம்பி என் நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் செய்தான், கொலைகாரன் யார் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, நான் ஜாமெட்ரி பாக்ஸை வீசினேன், சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டு அக்கா "தினமும் சாமி கும்பிடுற பொண்ணு பண்ற வேலையா இது?" என்றார், சாமி கும்பிடாதவங்க வீசினா வலிக்காதா என்று நான் கேட்டுவைத்தேன், அம்மா வந்து விசாரித்ததும் பாக்ஸ் கை தவறி விழுந்தது என்று புளுகினேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்ததில் மொத்தம் ஒன்பது வட்டம் தேறியது. போட்டுக் கொடுத்தேன். டீச்சர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டு நீ முன்னாடி நின்னா மத்த பிள்ளைங்க என்னம்மா நினைப்பாங்க? வேற தாள்ல எழுதிக் குடு."

"தப்பே பண்ணாதவளுக்குப் பிரார்த்தனை எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன்.

அன்று முன்னால் நின்றது தையல்காரர் மகள். நான் கடைசி பெஞ்சில் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோட்டம் விடாமல் நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். வேறு தாள் எழுதித் தரப்போவதில்லை.

ஆகவே பெரியம்மா, விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன், அண்ணனைத் திருத்துவதற்கு அல்ல, அவனோடு சண்டை போடுவதற்கு. என்னைக் காட்டி அவனைத் திட்டாதீர்கள். கடவுளே என்னிடம் கேட்காத ஒன்றை நீங்களும் கேட்க வேண்டாம்.

பெரியப்பாவுக்கு என் வணக்கங்கள். அண்ணனுக்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்

பி.கு.: அடித்தல் திருத்தல் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று முதல் நான்கு கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதிலும் ஓரத்தில் மை கொட்டிவிட்டது. ஆறாவது எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததில்தான் இரண்டு நாள் தாமதம்.