ரெஜினா அக்காவுக்கு நான் கொண்டுபோன மைக்

எனக்குப் பாடத் தெரியாது. ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வயதில், பாடுகிறவர் கையிலிருக்கும் மைக்கைப் பார்த்தவுடனே அது இன்ன கம்பனி, இன்ன மொடல் என்று சொல்ல எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (நான் நம்பியதில் பெரிய பிழையில்லை. ஊரையும் நம்பவைத்ததுதான் பிழை.)

பகலில் முல்லைத்தீவு ரவுன் கடைத்தெருவில் போன் திருத்தும் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் கைபேசியில் கச்சேரி வீடியோக்கள். மற்றவர்கள் பாட்டைக் கேட்பார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாடகர் கையை உயர்த்தும் இடத்தில் படத்தை நிறுத்திப் பெருப்பித்துப் பார்ப்பேன். மைக்கின் கம்பிவலைத் தலை உருண்டையா, முட்டை வடிவா, உச்சி தட்டையா, நடுவில் வளையம் இருக்கிறதா? அவ்வளவுதான், பெயர் சொல்லிவிடுவேன். முகநூலில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. யாராவது படம் போட்டு "இது என்ன மைக்?" என்று கேட்டால் முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஒருநாள் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பிள்ளை என்ன பாட்டடா பாடுது?"

"தெரியேல்லையம்மா. மைக் நல்ல மைக்."

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் பெருநாளுக்கு மைக் ஒழுங்குசெய்யும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

நாயாற்றுப் பக்கம் எங்கள் ஊர். அந்தோனியார் கோயில் பெருநாள் மாலையில் ஒரு இசை நிகழ்ச்சி வைப்பது வழக்கம். அந்த வருஷம் பாட வந்தவர் ரெஜினா அக்கா. எங்கள் ஊர்ப் பெண்தான். இரண்டு படகு வைத்துத் தொழில் செய்யும் மரியான் சம்மாட்டியின் ஒரே மகள். அவர் வவுனியாவில் இசைக்குழுவொன்றில் பாடப் போன நாளிலிருந்து தகப்பனுக்கும் மகளுக்கும் கதை பேச்சு இல்லை. நாலு வருஷம். எங்கள் பாதர் இரண்டு பக்கமும் நடந்து, மகள் கோயில் வளவில் பாடுவதென்றும், தகப்பன் முன்வரிசையில் இருந்து கேட்பதென்றும் ஒருவழியாக ஒப்புக்கொள்ளவைத்திருந்தார்.

"மைக் விஷயம் உம்மட பொறுப்பு, தம்பி," என்றார் பாதர். "அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

ரெஜினா அக்காவுக்கு ஒரு போன் எடுத்து "என்ன மைக் பாவிக்கிறனீங்கள்?" என்று கேட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் கேட்பேனா? நிபுணன் அல்லவா! அவர் ஏதோ ஒரு கலியாண வீட்டில் பாடிய வீடியோவைத் தேடி எடுத்துப் பதினொரு தரம் பார்த்தேன். உச்சி தட்டையான தலை. நடுவில் வெள்ளி வளையம். சந்தேகமே இல்லை. பெரிய பாடகிகள் பிடிக்கிற, மூச்சு விடுவதைக்கூடத் தப்பவிடாத விலைகூடின மைக்.

வவுனியா நெளுக்குளத்தில் என் சித்தப்பா மகன் ஒரு அறையில் பாட்டு ஒலிப்பதிவு செய்பவன். அச்சொட்டாக அதே மைக் அவனிடம் இருந்தது. அரைமனதோடு தந்தான். நான் படலையைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டுக் கேட்டான்: "டேய், அங்க கரண்ட் இருக்குத்தானே? கரண்ட் இல்லாட்டி இது வேலை செய்யாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கட ஊருக்குக் கரண்ட் எப்பவோ வந்திட்டுது. நீ உன்ர வேலையைப் பார்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்து, வெயில் படாமல் துவாயால் மூடிக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் குனிந்து பார்த்து, "உள்ளுக்கு என்ன தம்பி, கோழிக்குஞ்சோ?" என்றார். நான் துவாயை இன்னும் இழுத்து மூடினேன். இவர்களுக்கு என்ன விளங்கும்?

ஸ்பீக்கர் செற் நிஸாம் நானாவினுடையது. இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, முல்லைத்தீவில் கடை போட்டவர். கோயில், பள்ளிவாசல், கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். பிடியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி, தலையில் சிவப்புப் பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக்கை மேடையில் வைத்திருந்தார். கடற்காற்று இரையாமலிருக்க அந்தத் தொப்பி. நான் அதை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

"நீங்கள் கொண்டுவந்ததை ஒருக்காக் கொழுவிப் பாப்பமே தம்பி?" என்றார் நானா.

"ஒறிஜினல் மைக்குக்குச் செக் தேவையில்லை நானா. அக்கா வந்து கையில எடுக்கட்டும்."

அவர் வெற்றிலை போடப் போய்விட்டார்.

மாலை ஆறு மணி. வளவு நிறைந்த சனம். முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு மரியான் சம்மாட்டி, தனக்கும் மேடைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா அக்கா மேடைக்கு வந்ததும் நான் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் மைக்கை நீட்டினேன்.

"இது என்ன தம்பி?"

"உங்கட மைக், அக்கா."

அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. எனக்கு அது சந்தோஷத் திகைப்பாகத் தெரிந்தது.

கீபோர்ட் தொடங்கியது. அக்கா கண்ணை மூடி மாதா பாட்டை எடுத்தார். வாய் அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

நான் கீழே நின்று, "கிட்டப் பிடியுங்கோ!" என்று சைகை காட்டினேன். கிட்டப் பிடித்தார். ஒன்றுமில்லை. மேடையில் பாய்ந்து ஏறி மைக்கை வாங்கித் தட்டினேன், ஊதினேன், நானே "ஹலோ, ஹலோ" என்றேன். ஒரு ஹலோவும் என் வாயைத் தாண்டவில்லை. "நானா, உங்கட வயர் பிழை!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். (அதற்கு மட்டும் எனக்கு மைக் தேவைப்படவில்லை.) நானா வயரை மாற்றினார். பிறகு இன்னொன்று. மூன்றாவது வயரில் பின்வரிசையில் சிரிப்பு தொடங்கிவிட்டது.

அப்போது சம்மாட்டி எழும்பினார்.

"பாதர், நாலு வருஷம் நான் கதைக்கேல்லை. இண்டைக்குக் கேப்பமெண்டு வந்தால் அவள் கதைக்கிறாள் இல்லை. நான் போயிட்டு வாறன்."

சனம் கொல்லென்று சிரித்தது. ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. எழும்பி நின்ற தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷம் எனக்கு மைக்கும் மறந்தது, மொடலும் மறந்தது. நாயாற்றுத் தண்ணிக்குள் இறங்கி அப்படியே போய்விடலாம் போலிருந்தது.

நானா அவசரப்படாமல் வந்து என் கையிலிருந்த மைக்கைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது வேற சாதி. சவுண்ட் மிக்சரில இருந்து வயருக்குள்ளால கரண்ட் அனுப்பினாத்தான் இது வேலை செய்யும். என்ர மிக்சரில அது இல்லை."

சித்தப்பா மகன் கேட்ட கரண்ட் எந்தக் கரண்ட் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நானா சிவப்புத் தொப்பி மைக்கை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, "அப்பா, இருங்கோ," என்றார். வளவு முழுக்க அந்தக் குரல் கேட்டது. சம்மாட்டி திரும்பக் கதிரையில் இருந்தார். பாட்டு முடியுமட்டும் அசையவில்லை. முடிந்ததும் மேடைக்குக் கிட்டப் போய், தான் குடித்துக்கொண்டிருந்த சோடாவை மகளிடம் நீட்டினார்.

நிகழ்ச்சி முடிய மன்னிப்புக் கேட்கப் போனேன். தகப்பனும் மகளும் நானாவோடு நின்றார்கள்.

"பரவாயில்லை தம்பி," என்றார் அக்கா. "எனக்கு நானாவின்ர மைக் பழக்கம். வவுனியாவில ஒரு கலியாண வீட்டிலயும் இதிலதான் பாடினனான்."

"இல்லையக்கா, அந்தக் கலியாண வீட்டில இது இல்லை," என்றேன். (அடிபட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.) போனை எடுத்து, நிறுத்திவைத்த படத்தைக் காட்டினேன். நானா அதைப் பார்த்துவிட்டு, சிவப்புத் தொப்பியைக் கழற்றினார்.

உச்சி தட்டையான தலை. நடுவில் வெள்ளி வளையம்.

"பாத்தீங்களே! நான் சொன்ன மைக்தானே!" என்று துள்ளினேன்.

"தலை அதின்ரதான் தம்பி," என்றார் நானா. "ஆரோ அந்த மைக்கில பழுதாப்போன ஒண்டைத் தந்தவை. அதின்ர தலையைக் கழட்டி இதில பூட்டினனான். உடம்பு ரவுனில வாங்கின சாதாரண மைக்."

சம்மாட்டிக்கு முதலில் விளங்கவில்லை. நானா ஆறுதலாக இரண்டாம் தரம் சொன்னார். பிறகு தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அதை ஒரு தொண்டாக இப்போது கணக்கு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே முகநூல் குழுவை விட்டு விலகினேன். ஆனால் ஊர் என்னை விட்டு விலகவில்லை. கலியாணமாகி, போன வருஷம் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். வார்டில் சொந்தக்காரர் கூடிநின்று, பிள்ளை தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியார் என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ தம்பி, ஆரைப் போல?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா குறுக்கே விழுந்தார்.

"இவனிட்ட மட்டும் கேக்காதேங்கோ. இவன் தலையை மட்டும் பாத்துத்தான் சொல்லுவான்."