இடது கைக்கு வந்த வேலை

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க வலது கை பாடுது, இடது கை தூங்குது,” என்றார் பல் டாக்டர், ஆராதனை முடிந்து குடையை விரித்துக்கொண்டே.

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. பதினாறு வருடமாக அந்தச் சபைக்குப் பியானோ வாசிப்பவர் அவர்தான். பாட்டை வலது கை பார்த்துக்கொள்ளும். இடது கைக்கு அடிக்கு ஒரு சுரம், அதுவும் ஒற்றை விரலில். அது போதும் என்றுதான் இருந்தார்.

மறு ஞாயிறு இடது கையை அகல விரித்து, சுண்டு விரலும் கட்டை விரலுமாக கீழ்ச் சுரத்தையும் மேல் சுரத்தையும் சேர்த்துப் போட்டார். ஜன்னல் அதிர்ந்தது. இரண்டாம் சரணத்தில் சபையாரின் பாட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது.

“முன்ன மாதிரியே வாசிங்களேன்,” என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

“உனக்கு என்ன தெரியும்?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன்பு பாடகர் குழு மொத்தத்துக்கும் முன்னால், “நீ பாடினா தாளம் நொண்டுது, பின்னால போய் உக்காரு” என்று சொன்னதும் இதே வாய்தான். அன்றிலிருந்து அவளுக்குக் கடைசி பெஞ்சு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே மூன்று வருடம் ஓடிவிட்டது. சபையை ஒருமுறை அசத்திவிட்டால், அந்தத் தெம்பில் கேட்டுவிடலாம் என்று இப்போது ஒரு நப்பாசை.

அடுத்த வாரம் சுரங்களைப் பிரித்துப் பிரித்து, அலை மாதிரி உருட்டினார். அலையில் சபையாரின் பாட்டு மூழ்கிப்போனது. “அப்பவே சொன்னேன்,” என்று மனைவி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மூன்றாம் வாரம் இடது கையைப் படிப்படியாக இறங்கி ஏற நடக்க விட்டார். அது நடக்கவில்லை, ஓடியது. அவர் ஆமெனுக்கு வந்தபோது பாதிப் பேர் மூன்றாம் சரணத்தில் இருந்தார்கள். மீதிப் பேர் வம்பே வேண்டாமென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

போதகர் வந்து தோளில் கைவைத்தார். “அடுத்த வாரத்துலேருந்து ரெக்கார்டு போட்டுக்கலாம்னு பாக்கறோம். மனசுல வெச்சுக்காதீங்க.”

எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டாயிற்று. அவளிடம் இனி எந்த முகத்தோடு போய்ப் பேசுவது?

பெஞ்சு பெஞ்சாகப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வந்த அம்மாளிடம் வாய்விட்டே சொன்னார். “பதினாறு வருஷம் என்னை நம்பிப் பாடினாங்கம்மா. நானே கெடுத்துக்கிட்டேன்.”

அந்த அம்மாள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

“உங்களை நம்பி எங்கய்யா பாடினோம்? முன்னால நின்னாலும் பின்னால உக்காந்தாலும் உங்க வீட்டம்மா குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே பாடினோம், இந்த மூணு வாரமா உங்க இடது கை சத்தத்துல அது காதுலயே விழலியே.”