தையல்காரர் மடித்த வெளிச்சம்

“ஏங்க, படம் நின்னுபோச்சு!”

தையல்காரர் மிஷினை விட்டு எழுந்து வந்தார். மனைவியின் கைப்பேசியில் வீடியோ அழைப்பு: கடல் கடந்து வாழும் மகள், மடியில் போன வாரம் பிறந்த பேத்தி, பின்னால் மாப்பிள்ளை. மூவரும் துணிக்கடைப் பொம்மை மாதிரி இருந்தார்கள். சத்தமும் இல்லை. பேத்தியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதுவும் பாதி முகம்; மிச்சம் போர்வைக்குள்.

“கண்ணு தொறக்கிறதப் பாக்கணும்னு உக்காந்திருந்தேனே!” மனைவி திரையைத் தட்டிப் பார்த்தாள்.

அவருடைய பார்வை சுவர்ப்பக்கம் போனது. இணையப் பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயர் வளையம் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு தொளதொளன்னு விட்டா எப்படி வரும்?”

காலர் மடிப்பதுபோல் மடித்து, நகத்தால் நீவி, டேப் ஒட்டினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பதறிப்போய் மடிப்பைப் பிரித்து நூல்கண்டில் இறுக்கிச் சுற்றினார். படமே போய்விட்டது.

“இருந்த பாதி முகமும் போச்சு. அடுத்து என்ன, இஸ்திரி போடப் போறீங்களா?”

அவர் இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

தெருவில் ஏணிமேல் நின்ற கேபிள்காரரைக் கையோடு இழுத்து வந்தார். வந்தவர் ஒயரின் நுனியில், பழுது பார்க்க வைத்திருந்த ஒரு சிவப்பு விளக்கைச் செருகினார். மடித்த இடமெல்லாம் ரத்தம் கட்டியதுபோல் ஒளிர்ந்தது.

“அண்ணே, இது கம்பி இல்ல, கண்ணாடி இழை. உள்ள ஓடுறது வெளிச்சம். லேசா வளைஞ்சா ஓரத்துல பட்டுப் பட்டு உள்ளயே ஓடிரும். இப்படி மடக்கினா வெளிய கசிஞ்சிரும்.”

“மடிப்பு கலையாம செஞ்சேனே தம்பி!”

“அதாண்ணே வினை.”

புது ஒயரைப் பொருத்தி, தொளதொளவென்று வளையமாகவே தொங்கவிட்டார். தையல்காரருக்குக் கை பரபரத்தது. மனைவி முறைத்ததால் அடங்கினார்.

அழைப்பு தானாகவே மீண்டும் இணைந்தது. அதே மகள், அதே பாதி முகம், அதே மாப்பிள்ளை. அசைவில்லை.

“இதுவும் சரியில்ல! வெட்டி ஒட்டினாத்தான் சரிவரும்” என்று கத்திரிக்கோலை எடுத்துவிட்டார் தையல்காரர். கேபிள்காரர் அவர் கையைப் பாய்ந்து பிடித்தார்.

திரையில் மாப்பிள்ளையின் உதடு மட்டும் மெல்ல அசைந்தது.

“மாமா, கத்திரியக் கீழ வைங்க. லைன் மொதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. விடிய விடிய அழுத புள்ள இப்பத்தான் தூங்குது; நாங்கதான் மூச்சு விடாம உக்காந்திருக்கோம்.”